எலக்ட்ரானிக் டைப்ரைட்டரில் தவறில்லாமல் தட்ட: சுவிட்ச் போடுவதிலிருந்து தாளை எடுப்பது வரை முழு வழிகாட்டி

குன்னூரில் ஜாப் டைப்பிங் செய்யும் இடத்தில் எலக்ட்ரானிக் மெஷின் முன்னால் புதிதாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் லோயர், ஹையர் என்ற டைப்பிங் தேர்வுகள் இரண்டும் முடித்தவர்கள். நிமிடத்துக்கு 45 சொல் தட்டித் தேர்வு எழுதியவர்கள். விரலில் குறை கிடையாது. இருந்தும் முதல் வாரத்தில் தாள் தாளாக வீணாகும். முத்திரைத்தாளில் தட்டும்போது அப்படி ஆனால் பணமும் போகும், வாசலில் காத்திருப்பவரின் ஒரு நாளும் போகும்.

பல பேரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. முக்கால்வாசித் தவறுகள் முதல் எழுத்தைத் தட்டும் முன்பே மெஷினுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. சாதாரண மெஷினில் மார்ஜின் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். எலக்ட்ரானிக் மெஷினில் அது நினைவகத்தில் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் வைத்துவிட்டுப் போனதை அது அப்படியே வைத்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். படிகளை மாற்றிச் செய்தால் பின்னால் செய்தது முன்னால் செய்ததைக் கெடுக்கும்.

கீகளின் பெயரும் இடமும் மாடலுக்கு மாடல் மாறும். வேலையின் தர்க்கம் மாறாது.

1. பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டியவை

மெஷினோடு வந்த கையேடு, அல்லது அதிலுள்ள கீ அட்டவணையின் நகல். கோட் கீயோடு எந்த எழுத்தைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் மனப்பாடமாக நம்பக் கூடாது. சுவரில் ஒட்டி வையுங்கள்.

நான்கைந்து கழிவுத் தாள்கள், ஒரு மெல்லிய தூரிகை, பஞ்சில்லாத துணி, ஒரு இன்ச் ஸ்கேல், கூடுதல் ரிப்பன் ஒன்று, அதற்கு இணையான கரெக்ஷன் டேப் ஒன்று.

ஒரு பின்தாள். இதை நீங்களே செய்துகொள்ள வேண்டும். தட்டப்போகும் தாளைவிட அரை இன்ச் அகலமான, கொஞ்சம் விறைப்பான தாளை எடுங்கள். அதன் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக வரி எண்களை எழுதுங்கள். ஒற்றை வரி இடைவெளியில் ஒரு இன்சுக்கு 6 வரி; 14 இன்ச் நீளமுள்ள லீகல் தாளில் 84 வரி; இரட்டை இடைவெளியில் 42. தட்டும் தாளுக்குப் பின்னால் இதைச் சேர்த்து ஏற்றினால் வலது ஓரத்தில் எண் மட்டும் நீட்டிக்கொண்டு தெரியும். தாள் முடிய எத்தனை வரி இருக்கிறது என்று எப்போதும் தெரியும். ரோலர் மேல் நேராக அடி விழாமலும் இது காக்கும்.

2. ஈரமும் மின்சாரமும்

நீலகிரியில் இதற்குத் தனிப் படி தேவை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. ஆக ஏதோ ஒரு பக்கத்தில் ஆண்டின் பாதி நாள் அறைக்குள்ளேயே மஞ்சு வந்து போகிறது. தாள் அதைக் குடிக்கும்.

ஈரமேறிய தாள் விறைப்பு இழந்து ரோலருக்குள் நெளிந்து போகும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஏறும். இதைவிடப் பெரிய தொல்லை, திருத்தும்போது வரும்: ஒட்டும் டேப் எழுத்தோடு சேர்த்துத் தாளின் மேல்நாரையும் உரித்துவிடும். எனவே தாள்களை மூடிய அலமாரியில் வையுங்கள். நான் அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜீரோ வாட் குண்டு பல்பை எரியவிட்டு, தாளை அதிலிருந்து நன்றாகத் தள்ளி மேல்தட்டில் வைப்பேன். அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுப்பேன்.

ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் நாள்களில் இன்னொன்று நடக்கும். குளிர்ந்து கிடக்கும் மெஷினைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், கண்ணாடி டம்ளரில் வேர்ப்பது போல உள்ளே நீர் பூக்கும். அந்த நிலையில் சுவிட்ச் போடக் கூடாது. உறையை எடுத்துவிட்டு அரை மணி, முக்கால் மணி நேரம் விட்டு வையுங்கள். சர்க்யூட் போர்டில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், அதன்பிறகு வரும் கோளாறுக்கு எந்த டைப்பிஸ்ட்டும் பொறுப்பேற்க முடியாது.

மின்சாரம் ஏறி இறங்கும் இடமென்றால் ஸ்டெபிலைசர் வையுங்கள். அடிக்கடி நின்று போகிற இடமென்றால் சின்ன யூபிஎஸ் நல்லது. கரண்ட் ஒரு நொடி போய் வந்தால்கூட, தட்டிய எழுத்துகளைத் திருத்துவதற்காக மெஷின் வைத்திருக்கும் திருத்த நினைவகம் காலியாகிவிடும். நடு வரியில் இது நடந்தால் அந்த வரியைக் கைமுறையாகத்தான் திருத்த வேண்டும். இடி இடிக்கும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

சுவிட்சை அணைத்த உடனே போடாதீர்கள். பத்து நொடி விடுங்கள். போட்டதும் கேரியர் (வீலையும் ரிப்பனையும் சுமந்து ஓடும் பகுதி) இடது பக்கம் ஓடி, டெய்சி வீல் (இதழ் நுனிகளில் எழுத்துகள் உள்ள சக்கரம்) ஒரு சுற்றுச் சுற்றித் தன் தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கும். அது முடியும்வரை எந்தக் கீயையும் தொடக் கூடாது. கேரியர் போகும் வழியில் பேனா, கிளிப், மடிந்த தாள் எதுவும் கிடக்கக் கூடாது. அது தடுக்கப்பட்டால் எண்ணிக்கை தவறிப்போய், அதன்பின் ஒவ்வொரு எழுத்தும் தள்ளியே விழும்.

3. டெய்சி வீலைப் பார்த்தல்

வீலை நடுக் குமிழில் மட்டும் பிடித்து எடுங்கள். இதழ்களை விரலால் தொட்டால் வளையும். வளைந்த இதழ் ரிப்பனில் மாட்டி ஒடியும். ஒடிந்தால் முழு வீலையும் மாற்ற வேண்டியதுதான்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். அதிகம் அடி வாங்கும் இதழ்கள் முதலில் போகும். வளைவான எழுத்துகளின் குழியில் மை அடைத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தின்னர், பெட்ரோல் போன்றவற்றை அருகில் கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக் இளகும்.

வீலின் மேல் 10, 12, 15 என்று ஏதாவது எண் அச்சிட்டிருக்கும். ஒரு இன்சுக்கு எத்தனை எழுத்து என்பது அது; இந்த அளவுக்குப் பிட்ச் என்று பெயர். இந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது படியில் தேவைப்படும்.

திரும்பப் பொருத்தும்போது லீவர் ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். பாதியில் நின்றால் எழுத்தின் மேல்பாதி அழுத்தமாகவும் கீழ்பாதி மங்கலாகவும் வரும். புதியவர்கள் உடனே ரிப்பன் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நல்ல ரிப்பனைத் தூக்கிப்போடுகிறார்கள்.

4. ரிப்பனும் கரெக்ஷன் டேப்பும் ஜோடி சேர்ந்திருக்கிறதா

நான் பார்த்ததில் மிக அதிகமாகத் தாள் பாழாவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரிப்பனில் மூன்று வகை உண்டு. ஒருமுறை மட்டுமே அடிபடும் கரெக்டபிள் ஃபிலிம் ரிப்பன். ஒரே இடத்தில் பலமுறை அடிபடும் மல்டிஸ்ட்ரைக் ஃபிலிம். பழைய மெஷினில் இருப்பது போன்ற துணி ரிப்பன்.

முதல் வகையில் கார்பன் தாளின் மேலே ஒரு மெல்லிய ஏடு போல ஒட்டுகிறது, உள்ளே இறங்குவதில்லை. அதனால் ஒட்டும் டேப்பை வைத்து அதே எழுத்தை இன்னொரு முறை அடித்தால் கார்பன் அப்படியே உரிந்து வந்துவிடும். மற்ற இரண்டிலும் மை தாளுக்குள் ஊறிவிடும். அதை உரிக்க முடியாது. வெள்ளைப் பொடி பூசிய டேப்பால் மறைக்கத்தான் முடியும்.

ஜோடி மாறினால் என்ன ஆகும்? துணி ரிப்பனுக்கு ஒட்டும் டேப் போட்டால் எழுத்து போகாது, தாள்தான் கிழியும். மல்டிஸ்ட்ரைக்குக்கும் இதே கதி. ஃபிலிம் ரிப்பனுக்கு வெள்ளை டேப் போட்டால் வெள்ளைத் தாளில் ஓரளவு மறையும். பச்சை லெட்ஜர் தாளிலும் நிறம் கொண்ட முத்திரைத்தாளிலும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ரிப்பன் மாற்றும் ஒவ்வொரு முறையும் டேப்பின் வகையையும் பாருங்கள்.

இப்போது எந்த வேலைக்கு எது? கடிதம், விண்ணப்பம், பட்டியல் இவற்றுக்குக் கரெக்டபிள் ஃபிலிம் அழகானது, திருத்தத் தடயமும் தெரியாது. ஒப்பந்தம், பத்திரம், உறுதிமொழி ஆவணம் இவற்றுக்கு அதைப் போடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தடயமில்லாமல் உங்களால் உரிக்க முடிந்ததை நாளைக்கு வேறொருவராலும் உரிக்க முடியும். ஒரு தொகையில் ஒரு பூஜ்யம் போதும். தாளுக்குள் மை இறங்கும் ரிப்பனைத்தான் ஆவணத்துக்குப் பயன்படுத்த வேண்டும். தவறினால் திருத்தம் கண்ணுக்குத் தெரியட்டும், தரப்பினர் அதன் அருகே கையெழுத்திடட்டும்.

ஃபிலிம் ரிப்பன் பற்றி இன்னொரு சங்கதி: பயன்படுத்திய ஒருமுறை ரிப்பனை விரித்தால், தட்டிய எழுத்துகள் வரிசையாக வெள்ளையாகத் தெரியும். யாருடைய சொத்து விவரமும் அதில் படிக்கக் கிடைக்கும். குப்பையில் எறியாமல் வெட்டி அழியுங்கள்.

பொருத்தும் முறை: ரிப்பன் டெய்சி வீலுக்கும் தாளைப் பிடிக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவில் போக வேண்டும். தகட்டுக்கு வெளியே போனால் தாளில் கறை இழுக்கும். கேசட்டின் குமிழை அம்புக்குறித் திசையில் திருப்பித் தளர்ச்சியை எடுங்கள். தளர்ந்த ரிப்பன் வீல் இதழில் சிக்கும்.

நீளமான ஆவணம் தட்டுவதற்கு முன் ரிப்பன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றும் பாருங்கள். நடுவில் மாற்றினால் கறுப்பின் அடர்த்தி மாறி, பக்கம் இரண்டு நாளில் தட்டியது போலத் தெரியும்.

5. முதலில் பிட்ச், அடுத்து மார்ஜின், கடைசியில் டேப் (Tab)

இந்த மூன்றின் வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். காரணம் எளிய கணக்கு. 60ஆவது இடம் என்பது 10 பிட்சில் இடது ஓரத்திலிருந்து 6 இன்ச். 12 பிட்சில் 5 இன்ச். 15 பிட்சில் 4 இன்ச். மார்ஜினை வைத்துவிட்டுப் பிட்சை மாற்றினால், நீங்கள் நினைத்த எண் ஓரிடத்திலும் எழுத்து விழும் இடம் வேறிடத்திலும் இருக்கும்.

துண்டுத் தாளில் எழுதிய வீல் எண்ணும் மெஷினில் வைத்த பிட்சும் ஒன்றாக இருக்க வேண்டும். 12 வீலை வைத்து 10 பிட்சில் தட்டினால் எழுத்துகள் பல் இடைவெளி விட்டாற்போல் நிற்கும். 10 வீலை வைத்து 12 பிட்சில் தட்டினால் எழுத்துகள் ஒன்றையொன்று உரசும்.

ஏ4 தாளின் அகலம் ஏறக்குறைய 8.27 இன்ச். 10 பிட்சில் 82 எழுத்து, 12 பிட்சில் 99 எழுத்து. இடது பக்கம் ஒன்றரை இன்ச், வலது பக்கம் ஒரு இன்ச் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 பிட்சில் இடது மார்ஜின் 15, வலது மார்ஜின் 72. 12 பிட்சில் இடது 18, வலது 87. முன்புறத் தகட்டில் 10க்கும் 12க்கும் 15க்கும் தனித்தனி அளவுகோல் அச்சிட்டிருக்கும். புதியவர்கள் மேலே இருப்பதை மட்டும் படிக்கிறார்கள். எந்தக் கோட்டைப் படிக்கிறோம் என்று விரல் வைத்துப் பாருங்கள்.

வலது மார்ஜின் தாளின் ஓரத்தைத் தாண்டக் கூடவே கூடாது. ஒரு மழைநாளில் வாடகை ஒப்பந்தம் தட்டிய ஒரு தம்பி, காலையில் அகலத் தாளில் யாரோ பட்டியல் போட்டுவிட்டுப் போன மார்ஜினை மாற்றாமல் ஆரம்பித்தார். வரியின் கடைசி நான்கைந்து எழுத்துகள் தாளில் இல்லை, ரோலரின் மேல் நேராக விழுந்தன. ஐந்தாவது வரியில் வீலின் ஒரு இதழ் ஒடிந்தது. முத்திரைத்தாளும் வீலும் ஒரே நேரத்தில் போயின. அன்றிலிருந்து, யார் உட்கார்ந்தாலும் முதலில் மார்ஜினை இரண்டு பக்கமும் புதிதாக வைத்தே ஆக வேண்டும் என்று வைத்துவிட்டேன். ‘ஏற்கெனவே சரியாகத்தானே இருக்கிறது’ என்பது பதில் இல்லை.

மார்ஜினுக்குப் பிறகு, பழைய டேப் இடங்கள் (டேப் கீயைத் தட்டினால் கேரியர் தாவிப் போய் நிற்கும் இடங்கள்; கரெக்ஷன் டேப் வேறு) அனைத்தையும் ஒரே கட்டளையில் அழியுங்கள். பிறகு உங்களுக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள். பத்தி தொடக்கத்துக்கு இடது மார்ஜினிலிருந்து ஐந்து இடம் தள்ளி ஒன்று போதும். அழிக்காமல் வைத்தால், முந்தையவரின் டேப் ஒன்று இரண்டு இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடும். அது பக்கம் முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

6. மறைந்து கிடக்கும் மோடுகளை அணைத்தல்

வரி இடைவெளி, அழுத்த அளவு, தடித்த எழுத்து, தானே அடிக்கோடு, தானே அடுத்த வரி, கீபோர்டு அமைப்பு ஒன்றா இரண்டா, கேப்ஸ் லாக். இந்த ஏழையும் இதே வரிசையில் பாருங்கள். சிலவற்றுக்கு விளக்கு எரியும், சிலவற்றுக்கு எரியாது. எரியாதவைதான் ஏமாற்றும்.

அழுத்த அளவு தாளுக்கேற்ப இருக்க வேண்டும். ஒற்றைத் தாளுக்கு நடுத்தரம். கார்பன் வைத்தால் அதிகம். மெல்லிய தாளுக்கு அதிகத்தை வைத்தால் முற்றுப்புள்ளி ஓட்டை போட்டுவிடும். பின்பக்கம் தடவிப் பார்த்தாலே தெரியும். கார்பன் பிரதி அசலோடு சேர்த்து மூன்று, நான்குக்கு மேல் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டெய்சி வீலின் இதழுக்கு இரும்பு எழுத்துக்கட்டையின் பலம் கிடையாது.

கீபோர்டு இரண்டு என்று இருந்தால் எழுத்துகள் சரியாக வரும், குறியீடுகள் மட்டும் மாறி வரும். இது நான்கு பக்கம் தட்டிய பிறகு கண்டுபிடிக்கப்படும் தவறு.

சில மாடல்களில் நினைவகத்தைக் காக்கப் பென்டார்ச் செல் போடுவார்கள். மலைப்பகுதி ஈரத்தில் பழைய செல் கசிந்து உள்ளே பச்சையாகப் பூக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.

7. தாளை ஏற்றுதல்

முதலில் கழிவுத் தாளை இப்படி ஏற்றி எட்டாவது படியின் சோதனையை முடியுங்கள், பிறகுதான் நல்ல தாள். தாளையும் பின்தாளையும் மேசையில் தட்டி ஓரம் சேர்த்து, பேப்பர் கைடை ஒட்டி நிறுத்துங்கள். தாளின் இடது ஓரம் அளவுகோலின் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஐந்தாவது படியில் போட்ட கணக்கெல்லாம் இதை நம்பித்தான்.

ஏற்றிய பிறகு தாளின் மேல் ஓரத்தைக் கொஞ்சம் அதிகமாக வெளியே கொண்டுவந்து, கீழ் ஓரத்தோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லையென்றால் விடுவிப்பு லீவரை இழுத்து நேராக்குங்கள். கோணலாக ஏறிய தாளை ரோலரைத் திருகி நேராக்க முடியாது.

முத்திரைத்தாளில் மேல்பகுதி அச்சுக்குக் கீழே தட்ட வேண்டும். முதல் வரியின் இடத்தைக் கண்ணால் அளக்காமல், பின்தாளின் வரி எண்ணைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே எண்ணுக்கு நேராகப் போய்விடலாம்.

கீழே ஒன்றரை இன்சை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தரப்பினர் கையெழுத்துக்கு இடம் வேண்டும். தாளின் வால் கீழ் உருளையை விட்டுக் கழன்றதும் பிடிமானம் குறைந்து, கடைசி வரிகள் சரிந்துவிடவும் செய்யும்.

8. கழிவுத் தாளில் ஒரு சோதனை

நல்ல தாளை ஏற்றும் முன், கழிவுத் தாளில் இதைச் செய்து பாருங்கள். ஏ முதல் இசட் வரை சின்ன எழுத்தில் ஒரு வரி, பெரிய எழுத்தில் ஒரு வரி. எண் வரிசை முழுவதும் ஷிஃப்ட் இல்லாமல் ஒரு முறை, ஷிஃப்டோடு ஒரு முறை. பிறகு இடது மார்ஜினிலிருந்து வலது மார்ஜின் மணி அடிக்கும்வரை ஏதாவது இரண்டு வரி. கடைசியில் ஒரு எழுத்தைத் திருத்திப் பாருங்கள்.

ஒடிந்த இதழ், மாறிய கீபோர்டு, தவறான பிட்ச், ஜோடி தவறிய டேப், தாளைத் தாண்டும் மார்ஜின் எல்லாம் இந்த ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அவசரமென்று இதைத் தாண்டிய நாள்களில்தான் எனக்கே தாள் வீணாகியிருக்கிறது.

9. தட்டும்போது: பழைய மெஷினின் பழக்கங்கள்

லோயர் வகுப்பில் பழகிய விரல் ஒவ்வொரு கீயையும் குத்தும். இங்கே தொட்டால் போதும். குத்திவிட்டு ஒரு கணம் தாமதித்து எடுத்தால், பல மாடல்களில் அந்த எழுத்து இரண்டு மூன்று முறை விழும். விரல்களை ஹோம் கீகளின் மேல் எடையோடு வைத்திருப்பதும் இதே தவறைக் கொண்டுவரும். மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தி, விரலை மிதக்க விடுங்கள்.

கை மெஷினைவிட வேகமாகப் போனால், அடித்த எழுத்துகளை அது வரிசையில் வைத்துக்கொண்டு பின்னால் அச்சிடும். கீயைத் தட்டியும் எழுத்து வரவில்லை என்று மறுபடி தட்டாதீர்கள். காதை நம்பாமல் கையின் சீரை நம்புங்கள்.

அடுத்தது ஒன்று என்ற எண். பழைய மெஷின்கள் பலவற்றில் 1 கீ கிடையாது. சின்ன ‘l’ எழுத்தைத்தான் எண்ணாகத் தட்டினோம். பூஜ்யத்துக்குப் பெரிய ‘O’ எழுத்தைத் தட்டும் பழக்கமும் சிலரிடம் உண்டு. டெய்சி வீலில் இவற்றின் வடிவம் வேறு. சர்வே எண்ணிலோ தொகையிலோ இப்படி விழுந்தால் அசிங்கமாக மட்டுமல்ல, சந்தேகத்துக்கு இடமாகவும் நிற்கும். இதற்காகவே எண்கள் மட்டும் உள்ள பயிற்சியைத் தினம் பத்து நிமிடம் கொடுக்கிறேன்.

ஷிஃப்ட் லாக்கும் கேப்ஸ் லாக்கும் வேறு. கேப்ஸ் லாக்கில் எழுத்து மட்டும் பெரியதாகும், எண் எண்ணாகவே வரும். ஷிஃப்ட் லாக்கில் எண்ணுக்குப் பதில் குறியீடு வரும். தேயிலைத் தொழிற்சாலை இன்வாய்ஸில் எஸ்.ஆர்.டி., பி.ஓ.பி. என்று ரகத்தைப் பெரிய எழுத்தில் தட்டிவிட்டு, பக்கத்திலேயே மூட்டை எண்ணிக்கையைத் தட்ட வேண்டியிருக்கும். அங்கே ஷிஃப்ட் லாக் போட்டவர் ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழுவார்.

தானே அடுத்த வரிக்குப் போகும் மோடு போட்டிருந்தால், வரிக் கடைசியில் ரிட்டர்னைத் தொடக் கூடாது. வலது மார்ஜினுக்குச் சற்று முன்னால் ஒரு பகுதி உண்டு. அங்கே ஸ்பேஸ் பாரையோ ஹைஃபனையோ தட்டியதும் கேரியர் தானே திரும்பிவிடும். பழக்கத்தில் ரிட்டர்னையும் தட்டினால் ஒரு வரி வெறுமையாகும். புதியவர்களுக்கு என் ஆலோசனை, முதல் மாதம் இந்த மோடையே அணைத்துவிட்டு மணியைக் கேட்டு நீங்களே திரும்புங்கள். ஆவணங்களுக்கு நான் இப்போதும் அப்படித்தான்.

10. திருத்துதல்

தட்டிக்கொண்டிருக்கும் வரியில் தவறு கண்டால் திருத்தக் கீயை அழுத்தினால் போதும். எந்த எழுத்து எங்கே விழுந்தது என்பது நினைவில் இருப்பதால் மெஷினே அதை எடுக்கும். ஆனால் அந்த நினைவு ஒரு நிபந்தனையோடு வருகிறது: தாள் இடம் மாறியிருக்கக் கூடாது.

ரோலர் குமிழைக் கையால் திருகினால் மெஷினுக்கு அது தெரியாது. அது பழைய இடத்திலேயே தாள் இருப்பதாக எண்ணி, அரை வரி கீழே இருக்கும் நல்ல எழுத்தை உரித்துவிடும். மேலே கீழே போக எப்போதும் இன்டெக்ஸ் கீகளையே பயன்படுத்துங்கள். புதியவர்களின் கை குமிழுக்குப் போவதைத் தடுக்க எனக்கு வாரக்கணக்கில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நினைவுக்கு எட்டாத பழைய வரியில் தவறு என்றால் கைமுறைத் திருத்தம். தவறான எழுத்தின் மேல் சரியாகக் கேரியரை நிறுத்துங்கள். திருத்தக் கீயை அழுத்துங்கள். இப்போது மெஷின் காத்திருப்பது தவறாக விழுந்த எழுத்துக்காக. அதையே தட்டினால் அது உரியும். பிறகு சரியான எழுத்தைத் தட்டுங்கள். பலர் அவசரத்தில் முதலிலேயே சரியான எழுத்தைத் தட்டுகிறார்கள். அதன் வடிவத்துக்கு மட்டும் உரிந்து, பழைய எழுத்தின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். தடித்த எழுத்து, அடிக்கோடு போட்ட எழுத்து என்றால் கோட்டையும் தனியாக எடுக்க வேண்டும். முடிந்ததும் ரீலொக்கேட் கீயை அழுத்தினால் விட்ட இடத்துக்கே கேரியர் போய்விடும். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தேடிப் போகாதீர்கள், ஒரு இடம் தப்பும்.

ஒரு சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் வரி முழுவதையும் எடுக்க வேண்டாம். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, பழைய தொடக்கத்துக்கு அரை இடம் முன்னால் நிறுத்தித் தட்டுங்கள். நான்கெழுத்து இருந்த இடத்தில் ஐந்தெழுத்து அடங்கும். இரு பக்கமும் அரை இடம் மிஞ்சும். எழுத்து ஒன்று கூடிப்போயிருந்தால் அரை இடம் தள்ளித் தொடங்குங்கள். இரு பக்கமும் ஒன்றரை இடம் இருக்கும், கண்ணை உறுத்தாது.

ரப்பரால் அழிக்காதீர்கள். துகள் கீழே விழுந்து கேரியர் ஓடும் தண்டில் சேரும்.

பத்திரத்தில் திருத்தம் வேறு கணக்கு. பதிவுச் சட்டம், 1908இன் 20ஆம் பிரிவுப்படி, வரிகளுக்கு இடையில் எழுதியது, வெற்றிடம், அழித்தது, மாற்றியது எதற்கும் ஆவணத்தை எழுதிக்கொடுப்பவர்கள் கையெழுத்தோ சுருக்கொப்பமோ இட்டுச் சான்று செய்யாவிட்டால், பதிவாளர் அந்த ஆவணத்தை ஏற்க மறுக்கலாம். எனவே பெயர், தொகை, பரப்பளவு, எல்லை இவற்றில் தவறினால் திருத்தி மறைக்கப் பார்க்காதீர்கள். வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: “அண்ணா, இந்த இடத்தில் ஒரு எண் மாறிவிட்டது. நீங்கள் இங்கே ஒப்பம் போட வேண்டியிருக்கும், இல்லையென்றால் வேறு தாளில் தட்டித் தருகிறேன்.” கேட்கும்போது கோபப்படுவார்கள். பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பி வருவதைவிட அது மேல்.

11. எண் பட்டியல்கள்

கிலோ, ரூபாய், பைசா என்று நெடுவரிசைகள் வந்தால் ஸ்பேஸ் பாரால் தள்ளாதீர்கள். டெசிமல் டேப் வையுங்கள். புள்ளி விழும் இடத்தை நீங்கள் குறித்தால் போதும். 7.50 ஆனாலும் 1250.75 ஆனாலும் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும். நெடுவரிசையில் வரக்கூடிய மிகப் பெரிய எண்ணை முதலில் பார்த்து, அதற்கு இடம் விட்டு டேப் வைக்க வேண்டும். சிறிய எண்ணைப் பார்த்து வைத்தால் நடுவில் ஒரு பெரிய தொகை வந்து பக்கத்து நெடுவரிசைக்குள் புகும்.

12. தாளை எடுக்கும் முன்

தாள் ரோலரில் இருக்கும்போதே முழுப் பக்கத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். வெளியே எடுத்த தாளை மறுபடி ஏற்றி அதே வரியில், அதே எழுத்தின் மேல் நிறுத்துவது பல ஆண்டு பழகியவர்களுக்கே சிரமம்.

மனதுக்குள் படித்தால் மூளை தானே சரிசெய்துகொண்டு போய்விடும். ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, தட்டியவர் தாளைப் பார்க்க வேண்டும். தனியாக இருந்தால் எண்களையும் பெயர்களையும் மட்டுமாவது வலமிருந்து இடமாக ஒரு முறை பாருங்கள். கேத்தியிலிருந்து பழக வந்த ஒரு பெண் இதை ஒரு நாள்கூட விட்டதில்லை. அவளுடைய வேகம் நடுத்தரம்தான். முத்திரைத்தாள் வேலையை நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது அவளிடம்தான்.

தாளை எடுக்கும்போது விடுவிப்பு லீவரை இழுத்துவிட்டு எடுங்கள். அப்படியே உருவினால் ரோலர் தேயும், தாளும் மடியும்.

13. அடுத்தவருக்காக

அடிக்கோடு, தடித்த எழுத்து, கேப்ஸ் லாக் மூன்றையும் அணையுங்கள். டேப் இடங்களை அழியுங்கள். கேரியரை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுச் சுவிட்சை அணையுங்கள். விடுவிப்பு லீவரைத் திறந்த நிலையில் விட்டால் ரப்பர் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்திக் குழியாகாது.

உறையைப் போடுவதற்கு முன் மெஷின் ஆறக் கால் மணி நேரம் கொடுங்கள். சூட்டோடு மூடினால் குன்னூரின் மாலைக் குளிரில் உறைக்குள்ளேயே நீர் பூக்கும். உறைக்கு அடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வையுங்கள். நிறம் மாறும் வகையென்றால், மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.